ஆண்பிள்ளையின் வலி வேடிக்கையா?

 

நம் பிள்ளைகள் கைப்பேசியில் எத்தனை மணி நேரம் விளையாடுகிறார்கள் என்பதை நாம் கணக்குப் பார்க்கிறோம். தொழுகைக்கு நேரமாயிற்று என்றும், தேர்வு நெருங்குகிறது என்றும் கண்டிக்கிறோம். ஆனால், அவர்கள் எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நம்மில் பலர் கேட்பதில்லை. அதைப் பற்றியே இக்கட்டுரையில் பேச விரும்புகிறேன்.

'கிக் தி பட்டி' என்றொரு விளையாட்டு உண்டு. கைப்பேசியில் இலவசமாகக் கிடைப்பதால் சிறுவர்களிடையே நன்கு அறிமுகமானது. சாக்குத்துணியால் செய்யப்பட்ட ஓர் ஆண் பொம்மை அதில் வரும். அதை அடிக்கலாம், சுடலாம், எரிக்கலாம், வெடிவைத்துத் தகர்க்கலாம். அடிக்க அடிக்க நாணயம் சேரும். அந்த நாணயத்தைக் கொண்டு இன்னும் பெரிய ஆயுதம் வாங்கலாம். அதற்குமேல் அவ்விளையாட்டில் வேறு நோக்கம் எதுவும் இல்லை. 2010ஆம் ஆண்டில் இணையத்தில் வெளியான 'ஹேப்பி வீல்ஸ்' விளையாட்டில், சக்கர நாற்காலியில் செல்லும் மனிதரும், மகனைப் பின்னால் வைத்து மிதிவண்டி ஓட்டும் தந்தையும் முள்ளிலும் இரும்பிலும் மோதி உடல் சிதறுவதே நகைச்சுவை.

பெரியவர்களுக்கான விளையாட்டுகளிலும் நிலைமை வேறன்று. வடசென்னையில் இன்று முப்பதைக் கடந்த பல இளைஞர்கள், தெருமுனை பிரவுசிங் சென்டரில் 'ஜிடிஏ' விளையாடி வளர்ந்தவர்கள். 2004இல் வெளிவந்த 'ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்' விளையாட்டில், நாயகனின் தங்கையைக் கட்டடத் தொழிலாளர்கள் கேலி செய்கிறார்கள். அதற்குப் பழிவாங்க நாயகன் அவர்களுடைய மேஸ்திரியை நடமாடும் கழிப்பறைக்குள் வைத்தே குழியில் தள்ளி, மேலே கான்கிரீட் கொட்டி உயிரோடு புதைக்கிறான். ஒரு மனிதன் மூச்சுத்திணறிச் சாகும் நிகழ்ச்சி, கழிப்பறை சேர்ந்துவிட்டதால் வேடிக்கையாகிவிடுகிறது. 2013இல் வந்த அதன் ஐந்தாம் பாகத்தில், நாற்காலியில் கட்டப்பட்ட ஒருவரை எந்தக் கருவியால் சித்திரவதை செய்வது என்று விளையாடுபவரே தேர்ந்தெடுக்க வேண்டும். பிரிட்டனில் மனித உரிமை அமைப்புகளும் ஆசிரியர் சங்கமும் அப்போதே அதைக் கண்டித்தன. இவை சிறுவர்களுக்கானவை அல்ல என்று உறையின்மீதே வயது வரம்பு அச்சிடப்பட்டிருந்தாலும், நம் வீடுகளில் அதை யார் படித்துப் பார்க்கிறோம்?

இது மேலை நாடுகளிலிருந்து வந்த நோய் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. கவுண்டமணியிடம் செந்தில் உதை வாங்கியபோது இரண்டு தலைமுறைகள் சிரித்திருக்கின்றன. வடிவேலு அடிவாங்காத நகைச்சுவைக் காட்சிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2001இல் வெளிவந்த 'ஃபிரண்ட்ஸ்' படத்தில் கான்ட்ராக்டர் நேசமணியின் தலையில் சுத்தியல் விழும் காட்சியை நினைவுகூருங்கள். 2019 மே மாதத்தில், அந்தக் கற்பனை மனிதருக்காகப் பிரார்த்திக்குமாறு தமிழர்கள் வேடிக்கையாக எழுதத் தொடங்கி, அது உலக அளவில் டிரெண்டிங் ஆனது. அதில் தீய எண்ணம் எதுவும் இல்லை. இருந்தாலும், வேலை செய்யும் இடத்தில் ஒரு மனிதரின் தலையில் இரும்பு விழுவது நமக்கு இவ்வளவு எளிதாகச் சிரிப்பை வரவழைப்பது ஏன் என்று ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்கலாம்.

ஏனெனில் நாம் வாழும் பகுதி அத்தகையது. இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை துறைமுகமும் மீன்பிடித் தளமும் ஆலைகளும் அனல்மின் நிலையங்களும் நிறைந்திருக்கின்றன. கன்டெய்னருக்கும் லாரிக்கும் இடையே, சாரத்தின் உச்சியில், கொதிகலனின் அருகே தம் உடலை வைத்து உழைக்கும் ஆண்களின் வருவாயில் பல்லாயிரம் குடும்பங்கள் உண்கின்றன. 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானப் பணியில் இரும்புச் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். தொலைதூர மாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் அவர்கள். அவர்களைப் போன்றவர்களை நம் தெருக்களில் எந்தப் பெயரிட்டு அழைக்கிறோம், அவர்களுடைய பேச்சையும் நடையையும் எப்படி நடித்துக் காட்டிச் சிரிக்கிறோம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

"ஆம்பளைதானே, தாங்குவான்" என்ற எண்ணமே இந்தச் சிரிப்பின் வேர். ஆணின் உடல் அடிவாங்கவே படைக்கப்பட்டது போலவும், அவனுக்கு நேரும் அவமானம் அவமானமே அன்று என்பது போலவும் நாம் பழகிவிட்டோம். இதற்கு விலை கொடுப்பவர்கள் நம் பிள்ளைகள்.

மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தப்பட்டது. ஏதேனும் ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53.22 விழுக்காட்டினர். அவர்களுள் பாதிக்கு மேல், அதாவது 52.94 விழுக்காட்டினர், ஆண் குழந்தைகள். 2012இல் இயற்றப்பட்ட போக்சோ சட்டம் ஆண், பெண் என்று பிரிக்காமல் 18 வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளையும் பாதுகாக்கிறது. சட்டம் இருந்தும், தனக்கு நேர்ந்ததை ஒரு சிறுவன் முதன்முதலாகச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் சிரித்துவிட்டால் அவன் மீண்டும் வாய் திறப்பானா? திரைப்படத்திலும் விளையாட்டிலும் நண்பர் கூட்டத்திலும் ஆணுக்கு நேரும் அத்துமீறல் நகைச்சுவையாகவே வருவதைக் கண்டு வளர்ந்தவன், யாரிடமும் சொல்லாமலே இருந்துவிடுவதற்கு வாய்ப்பு அதிகம்.

'விளையாட்டுக்குத்தான்' என்று தொடங்குவது எங்கே போய் முடியும் என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை கண்டிருக்கிறது. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு மருத்துவ மாணவர் பொன் நாவரசு ராகிங்கின்போது கொல்லப்பட்டார். மூத்த மாணவர்கள் புதியவர்களை அவமானப்படுத்திச் சிரிப்பது அதுவரை கல்லூரி வாழ்வின் குறும்பாகவே பேசப்பட்டு வந்தது. அதன்பின் 1997இல் ராகிங்கைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டது. ஓர் உயிர் போன பிறகே அது குறும்பன்று, குற்றம் என்று நாம் ஒப்புக்கொண்டோம்.

நம் மார்க்கம் இதில் தெளிவாக வழிகாட்டுகிறது. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆவது வசனம், ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதைத் தடுத்த பின், பெண்கள் பெண்களைப் பரிகசிப்பதைத் தனியே குறிப்பிட்டுத் தடுக்கிறது. பெண்கள் தனியே கூறப்பட்டிருப்பதால், முதலில் வரும் 'கவ்ம்' என்ற சொல் இங்கே ஆண்களைக் குறிக்கிறது என்று விரிவுரையாளர்கள் விளக்கியுள்ளனர். ஆண் ஆணைக் கேலி செய்வதுதான் அந்த வசனத்தில் முதலாவதாகத் தடுக்கப்பட்டிருக்கிறது.

நபி (ஸல்) அவர்களுடன் பயணம் சென்ற தோழர்களுள் ஒருவர் உறங்கிவிட்டார். மற்றவர்களுள் சிலர் அவரிடமிருந்த கயிற்றை எடுத்துவிட, அவர் திடுக்கிட்டார். ஒரு முஸ்லிமைத் திகிலுறச் செய்வது மற்றொரு முஸ்லிமுக்கு ஆகுமானதன்று என்று நபியவர்கள் அறிவுறுத்தினார்கள். இச்செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்தபோது, அக்கால்கள் மீஸானில் உஹது மலையைவிட எடை மிக்கவை என்று நபியவர்கள் கூறியதாக முஸ்னத் அஹ்மதில் வருகிறது. ஆணின் உடலைக் கேலிப்பொருளாக்கிய அந்தச் சிரிப்பை அவர்கள் அப்படியே கடந்துபோக விடவில்லை. தம் மகன் இப்ராஹீமின் மரணத்தின்போது அவர்கள் பிறர் முன்னிலையில் கண்ணீர் சிந்தியதையும் நாம் அறிவோம்.

"அப்படியானால் சிரிக்கவே கூடாதா?" என்று சிலர் கேட்கலாம். நபியவர்களும் நகைச்சுவையாகப் பேசியிருக்கிறார்கள். அதில் பொய்யும் இல்லை, பிறர் புண்படுதலும் இல்லை. வடிவேலுவின் நடிப்பில், அடிவாங்கும் எளிய மனிதன் தன்னைக் கண்டுகொள்கிறான் என்று சொல்பவர்களும் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. விழுந்தவனோடு சேர்ந்து நாமும் விழுந்தாற்போல் உணர்ந்து சிரிப்பது ஒரு வகை. விழுந்தவன் மனிதனே அல்லன் என்பதுபோல் சிரிப்பது வேறு வகை. நான் கவலைப்படுவது இரண்டாவதைப் பற்றி.

"பெண்கள்தாம் அதிகம் துன்பப்படுகிறார்கள்; ஆண்களுக்காக ஏன் இந்தப் பரிவு?" என்று கேட்பவர்களும் உண்டு. பெண்கள் படும் துன்பத்தை இக்கட்டுரை ஒரு துளியும் குறைத்து மதிப்பிடவில்லை. தன் வலி வேடிக்கையாக்கப்பட்டு வளர்ந்த சிறுவன், நாளை தன் மனைவியின் வலியை எங்ஙனம் மதிப்பான் என்று எண்ணிப் பார்த்தால், இவை இரண்டும் வெவ்வேறு பிரச்சினைகள் அல்ல என்பது புரியும்.

ஆகவே பெற்றோர்களே, கைப்பேசியைப் பிடுங்குவதற்கு முன் பிள்ளையின் அருகில் சிறிது நேரம் அமருங்கள். விளையாட்டின் வயது வரம்பைப் பாருங்கள். "இதில் அடிவாங்குபவர் நம் அத்தாவாக இருந்தால் சிரிப்பாயா?" என்று கோபமின்றிக் கேளுங்கள். ஆண்பிள்ளை கீழே விழுந்தால், "பொம்பள மாதிரி அழாதே" என்று சொல்லாமல் காயத்தைப் பாருங்கள். பள்ளியிலோ மதரஸாவிலோ உறவினர் வீட்டிலோ தன்னிடம் யாரேனும் முறைகேடாக நடந்துகொண்டதாக அவன் சொன்னால், சிரிக்காமலும் திட்டாமலும் முழுவதையும் கேளுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். குடும்ப மானம் என்று எண்ணி மூடி மறைக்காதீர்கள்.

வேலை முடிந்து இரவு வீடு திரும்பும் கணவரிடமும் மகனிடமும் "இன்றைக்கு எங்கேயாவது அடிபட்டதா?" என்று கேட்கும் வீடுகளாக நம் வீடுகளை வல்ல இறைவன் ஆக்குவானாக. ஆமீன்.