சரக்கு தருவார், வித்தை தரமாட்டார்

மொத்த வியாபாரி திடீரென்று கைவிரித்தால் கடை என்னவாகும் என்பது நமக்குத் தெரியும். 1993-ல் நாட்டுக்கே அந்த நிலை வந்தது. ராக்கெட்டுக்கான கிரையோஜெனிக் என்ஜினின் தொழில்நுட்பத்தைத் தருவதாக 1991-ல் ஒப்பந்தம் ஆகியிருந்தது. அமெரிக்க நெருக்குதலால் ரஷ்யா பின்வாங்கியது. என்ஜினை மட்டும் விற்க இசைந்தது.

வித்தையோ கடினமானது. நம் கடை ஐஸ்கிரீம் பெட்டியின் குளிர் மைனஸ் 18 டிகிரி அளவுதான். ஆக்சிஜனைத் திரவமாக வைக்க மைனஸ் 183, ஹைட்ரஜனுக்கு மைனஸ் 253 டிகிரி வேண்டும். அந்தக் குளிரில் சாதாரண இரும்பு கண்ணாடிபோல் நொறுங்கும்.

நம்மவர் சண்டைக்கும் போகவில்லை, சும்மாவும் இருக்கவில்லை. வாங்கிய என்ஜினை வைத்து வேலையை ஓட்டிக்கொண்டே, நெல்லைச் சீமையின் மகேந்திரகிரியில் சொந்த என்ஜினைச் சோதித்தார்கள். 2010-ல் அதை ஏவியபோது தோல்வி. 2014 ஜனவரி 5-ல் வெற்றி. 2023-ல் சந்திரயான்-3 சென்றதும் நம் நாட்டு கிரையோஜெனிக் என்ஜினில்தான்.

சரிகைக்குச் சூரத்தைப் பார்த்தே பழகிய காஞ்சிபுரத்துக்கு இது புரியாததல்ல. ஒரே கம்பெனியின் சரக்கையும் கடனையும் நம்பி நடக்கும் மளிகைக் கடைக்காரர், வாங்குவதை நிறுத்த வேண்டாம். இரண்டாவது வழியை இன்றே தேடட்டும். பத்துக் கடைகள் சேர்ந்து கொள்முதல் செய்யச் சங்கம் முன்வரட்டும். கதவு அடைபட்ட பிறகு கற்கத் தொடங்கினால், இருபது ஆண்டு தாங்க நம்மிடம் முதல் இல்லை.