பெட்ரூம் ஸ்டூடியோ ஓகே... அந்த பெட்ரூம் யார்கிட்ட இருக்கு பாஸ்?

"ஒரு லேப்டாப், ஒரு மைக், ஒரு ஹெட்போன்... அவ்ளோதான் ப்ரோ, நீங்களும் மியூசிக் டைரக்டர்!" ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போகும்போது இந்த டயலாக் உங்களையும் எங்காவது மடக்கியிருக்கும். முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. வீட்டில் உட்கார்ந்தபடியே பாடி, மிக்ஸ் செய்து, சில நாள்களில் ஸ்பாட்டிஃபையில் ஏற்றிவிட முடிகிற காலம்தான் இது.

ஆனால், அந்த ஷாப்பிங் லிஸ்ட்டில் ஒரு அயிட்டம் எப்போதும் விடுபட்டுப்போகிறது. ஆன்லைனில் ஆர்டர் போட முடியாது. இ.எம்.ஐ போட்டால் 20 வருஷம் கட்ட வேண்டியிருக்கும். அது... கதவைச் சாத்திக்கொள்ள முடிகிற ஒரு ரூம்!

சாஃப்ட்வேர் பிரச்னை முடிஞ்சுபோச்சு

முதலில் நல்ல செய்தி. பாட்டு தயாரிக்கும் சாஃப்ட்வேர் இன்றைக்கு ஏறக்குறைய இலவசம். ஐபோனோ, மேக்கோ வைத்திருந்தால் 'கராஜ்பேண்ட்' காசில்லாமல் கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு என்றால் 'பேண்ட்லேப்' இருக்கிறது. 'ரீப்பர்' சாஃப்ட்வேரை 60 நாள்கள் சும்மாவே ஓட்டிப் பார்க்கலாம். பிடித்திருந்தால் தனிநபர் லைசென்ஸ் 60 டாலர். ஈக்யூ, கம்ப்ரஸர், ரிவெர்ப் என மிக்ஸிங்குக்கு வேண்டிய அடிப்படைச் சமாசாரங்கள் இவற்றுக்குள்ளேயே வந்துவிடுகின்றன.

'இலவச ஆப்ல பண்ணினா எடுபடுமா?' என்ற சந்தேகம் வேண்டாம். கெண்ட்ரிக் லமாரின் 2017 ஆல்பமான 'டேம்'-ல் 'ப்ரைட்' என்ற பாட்டு இருக்கிறது. அதன் பீட்டை ஸ்டீவ் லேசி தன் ஐபோனில், கராஜ்பேண்டில்தான் உருவாக்கினார்.

ஆக, 'நல்ல சாஃப்ட்வேர் இல்ல' என்பது இனி காரணமே கிடையாது. கிராக் வெர்ஷன் தேடிப்போய் லேப்டாப்பில் வைரஸை ஏற்றிக்கொள்ளவும் தேவையில்லை. அப்புறமும் ஏன் வீட்டில் செய்த பல பாட்டுகள், பக்கத்தில் ஒரு சினிமா பாட்டை ஓடவிட்டால் சோர்ந்துபோய்க் கேட்கின்றன?

பில்லி ஐலிஷ் கதையில் எல்லாரும் தாண்டிப்போகிற வரி

பெட்ரூம் ஸ்டூடியோ பற்றி யார் பேசினாலும் பில்லி ஐலிஷ் பெயர் வரும். 2019-ல் வெளியான அவருடைய முதல் ஆல்பத்தின் பெரும்பகுதி, லாஸ் ஏஞ்சலீஸில் அண்ணன் ஃபினியஸின் பெட்ரூமில் உருவானது. 2020 ஜனவரியில் அந்த ஆல்பம் கிராமி மேடையையே கலக்கியது. ஃபினியஸுக்குச் சிறந்த தயாரிப்பாளர் விருதும் கிடைத்தது. அருமை!

இப்போது யாரும் சொல்லாத பாதியைப் பாருங்கள். அது இரண்டே பெட்ரூம் உள்ள சின்ன வீடு. பிள்ளைகள் இருவருக்கும் ஆளுக்கொரு ரூமைக் கொடுத்துவிட்டு, அம்மாவும் அப்பாவும் ஹாலில் படுத்துக்கொண்டார்கள். இரண்டாவது விஷயம், அந்த ஆல்பத்தை மிக்ஸ் செய்தது ஃபினியஸ் அல்ல. ராப் கினெல்ஸ்கி என்ற இன்ஜினீயர். மாஸ்டரிங் செய்தது ஜான் கிரீன்ஹாம். பாட்டு பெட்ரூமில் பிறந்தது உண்மை. ஆனால், அதற்கு ஒரு தனி அறையும், அனுபவமுள்ள வேறு காதுகளும் தேவைப்பட்டன.

நம்ம ஊர் கதையும் இதேதான். 1989-ல் ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கம் வீட்டின் பின்பக்கம் 'பஞ்சதன்' ஸ்டூடியோவைத் தொடங்கினார். 'ரோஜா' வந்தது 1992-ல். வீட்டு ஸ்டூடியோ என்றாலும், அது ஒலிப்பதிவுக்கென்றே கட்டிய இடம். கட்டிலுக்குப் பக்கத்தில் மேசை போட்ட கதை இல்லை.

10-க்கு 10 ரூமின் கணக்கு

நம் வீடுகளில் ரொம்ப சகஜமான சைஸ், 10 அடிக்கு 10 அடி. வாடகைக்குச் சரி. மிக்ஸிங்குக்கு இதைவிட மோசமான வடிவம் கிடைப்பது கஷ்டம். ஏன் தெரியுமா?

ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 10 அடி என்பது 3 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே கச்சிதமாக மாட்டிக்கொள்ளும் ஒலி, கணக்குப் போட்டால் சுமார் 56 ஹெர்ட்ஸில் வருகிறது. கிக் டிரம்மும் பேஸ் கிட்டாரும் நடமாடும் ஏரியா அது. அந்த ஒலி சுவரில் மோதித் திரும்பி, தன்னோடு தானே மோதிக்கொள்கிறது. விளைவு, சுவர் ஓரத்தில் பேஸ் வீங்கித் தெரியும்; நடு ரூமில் காணாமல்போகும். நீளமும் அகலமும் ஒன்றாக இருக்கும் சதுர ரூமில் இந்தத் தொல்லை ஒரே இடத்தில் இரட்டிப்பாகும். உயரமும் 10 அடியாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

நீங்கள் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு நடு ரூமில் உட்கார்ந்து மிக்ஸ் செய்கிறீர்கள். பேஸ் பத்தலையே என்று ஏற்றுகிறீர்கள். அடுத்த நாள் நண்பர் காரில் போட்டால் டோர் அதிர்கிறது. 'எனக்கு மிக்ஸிங் வரல' என்று மனசு உடைந்துபோகும். தப்பு உங்கள் காதில் இல்லை. நாலு சுவரில் இருக்கிறது.

ஹெட்போன் போட்டால் இந்தச் சிக்கலிலிருந்து தப்பிக்கலாம், சரி. ஆனால், பாடும்போது? மைக்குக்கு ஹெட்போன் மாட்ட முடியாதே!

மைக்குக்கு வேண்டியவர் வேண்டாதவர் கிடையாது

ஃபேன், குக்கர் விசில், ஹாலில் ஓடும் சீரியல், தெருவில் ஆட்டோ ஹாரன்... நம் மூளை இதையெல்லாம் வடிகட்டிவிடும். மைக் வடிகட்டாது. குரலைச் சீராக்க கம்ப்ரஸர் போட்டதும், அமுங்கிக் கிடந்த ஃபேன் சத்தம் தலைதூக்கும். கோரஸுக்காக எட்டு முறை பாடி அடுக்கினால், எட்டு ட்ராக்கின் ஃபேனும் சேர்ந்து பின்னணி இரைச்சல் சுமார் 9 டெசிபல் ஏறிவிடும்.

'ஏ.ஐ நாய்ஸ் ரிமூவர் இருக்கே?' இருக்கிறது, கொஞ்சமாகப் போட்டால் உதவும். அதிகம் திருகினால் ஃபேனோடு சேர்த்து 'ஸ', 'ஹ' எழுத்துகளையும் மென்று துப்பிவிடும்.

அடுத்து எல்லாரும் தரும் அட்வைஸ், 'ராத்திரி 12 மணிக்கு மேல ரெக்கார்டு பண்ணுங்க'. நல்ல யோசனைதான். ஆனால் யாருக்கு? ஒரே ரூமில் நாலு பேர் படுக்கிற வீட்டில் யாரை எழுப்பிவிட்டுப் பாடுவது? நடுராத்திரியில் பையன் பாடினால் 'பைத்தியம்' என்பதோடு முடியும். பெண் குரல் கேட்டால், மறுநாள் காலையில் அக்கம்பக்கம் கேட்கும் கேள்வியே வேறு. மேன்ஷனில், ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கு இந்த அட்வைஸ் கேட்கவே காமெடியாக இருக்கும்.

'டெக்னாலஜி எல்லாரையும் சமமாக்கிவிட்டது' என்ற பேச்சு இடறி விழும் இடம் இதுதான். ஆப் எல்லாருக்கும் ஒன்று. அமைதி அப்படி இல்லை. யார் குரல் சுத்தமாகப் பதிவாகிறது என்பதை, திறமைக்கு முன்னாலேயே வீட்டின் சதுர அடி முடிவுசெய்துவிடுகிறது.

'லோ-ஃபை-யும் ஒரு ஸ்டைல்தானே?' என்று கேட்பீர்கள். நிச்சயமாக. வேண்டுமென்றே கரகரப்பை விட்டுவைத்தால் அது ஸ்டைல். வேறு வழியே இல்லாமல் வந்து ஒட்டிக்கொண்டால், அதைப் பாடியவர் தேர்ந்தெடுத்ததாகச் சொல்ல முடியாது.

சரி, இருக்கிற இடத்துல என்ன பண்ணலாம்?

புது மைக் வாங்கும் முன் காசு செலவாகாத இந்த வேலைகளை முடியுங்கள்.

1. மைக்கை நெருங்குங்க: ஒரு அடி தூரத்தை அரை அடியாக்கினால் உங்கள் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், ரூமின் எதிரொலி கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். 'ப' வரும்போது காற்று மைக்கில் அடிக்காமல் இருக்க, வாயை லேசாகச் சாய்த்துப் பாடுங்கள்.

2. முட்டை ட்ரே வேண்டாம்: அது வெளிச்சத்தத்தைத் தடுக்காது, பேஸையும் ஒன்றும் செய்யாது. தடிமனான போர்வையை உங்கள் முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். மைக் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதால், உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரின் எதிரொலிதான் அதற்குள் முதலில் போகும். துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து, அதற்கு முதுகைக் காட்டி நின்றாலும் பலன் உண்டு.

3. சிவப்பு விளக்கைத் தொடாதீங்க: 24 பிட்டில் பதிவுசெய்து, உச்ச சத்தம் மைனஸ் 12-லிருந்து மைனஸ் 6 டெசிபலுக்குள் நிற்கும்படி பாருங்கள். உடைந்து பதிவான குரலைச் சரிசெய்வது பெரும்பாடு.

4. வார்த்தைக்கு இடம் விடுங்க: குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் பாதி உறுமல் போய்விடும். தமிழில் ல, ள, ழ வித்தியாசம் பெரும்பாலும் 1,500-லிருந்து 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. கிட்டாரும் சிந்தஸைஸரும் அதே இடத்தில்தான் வந்து உட்காரும். குரலை ஏற்றிக்கொண்டே போகாமல், அந்த இடத்தில் மற்ற கருவிகளைக் கொஞ்சம் இறக்குங்கள். வரிகள் தானாக வெளியே வரும்.

5. போன் ஸ்பீக்கரில் கேளுங்க: உங்கள் ரசிகர்கள் பலரும் அதில்தான் கேட்கப்போகிறார்கள். அடிமட்ட பேஸ் அதில் வரவே வராது. பேஸ் ட்ராக்கில் லேசாக சாச்சுரேஷன் போட்டால், மேலே உருவாகும் ஒலிகளை வைத்துக் காது அந்த பேஸைக் கற்பனை செய்துகொள்ளும்.

6. சத்தத்துக்காகச் சண்டை வேண்டாம்: ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் சுமார் மைனஸ் 14 லஃப்ஸ் என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவந்துதான் பொதுவாக ஒலிக்கவிடுகிறது. லிமிட்டரைப் போட்டு நசுக்கினால் சத்தம் கூடாது, உயிர்தான் போகும்.

7. இன்னொரு காதைத் தேடுங்க: நூறு முறை கேட்ட பாட்டில் உங்களுக்குக் குறை தெரியாது. உங்கள் பாட்டை நண்பரும், அவர் பாட்டை நீங்களும் மிக்ஸ் செய்து பாருங்கள். காசில்லாத கினெல்ஸ்கி!

இப்போ ஏன் இது அவசரம்?

ஏனென்றால், கூட்டம் திடீரென்று பெருகிவிட்டது. ஒரு வரி டைப் செய்தால் முழுப் பாட்டையே கொடுக்கும் ஏ.ஐ வந்துவிட்டதே! பிரான்ஸைச் சேர்ந்த டீசர் நிறுவனம், தனக்கு ஒரு நாளைக்கு வரும் முழு ஏ.ஐ பாட்டுகள் மட்டும் சுமார் 50,000 என்றும், அது புதிதாக வருவதில் 34% என்றும் 2025 நவம்பரில் சொன்னது. 12 மாதங்களில் 7.5 கோடிக்கும் மேற்பட்ட ஸ்பேம் ட்ராக்குகளை நீக்கியதாக ஸ்பாட்டிஃபை 2025 செப்டம்பரில் அறிவித்தது. இன்னொரு பக்கம், 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்பட்டால்தான் ராயல்டி கணக்கிலேயே சேரும்.

இதில் ஒரு ஆறுதலும் உண்டு. 2025 நவம்பர் கணக்கின்படி, டீசரில் மொத்தமாகக் கேட்கப்பட்டதில் அந்த முழு ஏ.ஐ பாட்டுகளின் பங்கு வெறும் 0.5% அளவுதான் இருந்தது. ஏற்றுவது எளிது, கேட்கவைப்பது கஷ்டம். இந்த ஏ.ஐ பாட்டுகளுக்கு ரூம் தேவையில்லை, அமைதி தேவையில்லை. ஒலியளவில் பளபளவென்று வந்துவிடும். ஆக, 'சுத்தமான சவுண்டு' என்பது இனி பெருமை இல்லை, நுழைவுச்சீட்டு. உங்கள் தெருப் பேச்சு, உங்கள் வீட்டுக் கதை, உங்கள் குரலின் பிசிறு, இவைதான் உங்களிடம் மட்டும் இருக்கும் சரக்கு. அந்த சரக்கு ஃபேன் சத்தத்தில் மூழ்கிப்போனால், மூன்றாவது விநாடியிலேயே விரல் அடுத்த பாட்டுக்குப் போய்விடும்.

ரூமைப் பொதுவில் கேட்போமா?

போர்வை ஒரு அளவுக்குத்தான் தாங்கும். தனித்தனியாக ஆளாளுக்கு ரூம் கட்ட முடியாது. ஆனால், ஒரு ஊருக்கு ஒரு ரூம் முடியும்தானே?

பின்லாந்தின் ஹெல்சிங்கியில் 'ஊடி' என்ற பொது நூலகம் 2018 டிசம்பரில் திறக்கப்பட்டது. புத்தகத்தோடு, முன்பதிவு செய்து பயன்படுத்தும் இசை அறைகளும் ஒலிப்பதிவு ஸ்டூடியோவும் அங்கே உண்டு. 'அது பணக்கார நாடு' என்று தள்ளிவிட வேண்டாம். நம் ஊரில் விஸ்காம் படிப்பு நடத்தும் பல கல்லூரிகளில் சவுண்டு ட்ரீட்மென்ட் செய்த அறை ஏற்கெனவே இருக்கிறது. வகுப்பு முடிந்ததும் பூட்டு தொங்குகிறது. மாலை இரண்டு மணி நேரம், ஒரு பொறுப்பாளர், ஒரு முன்பதிவு நோட்டு... புதிதாகக் கட்டடமே வேண்டாம். உங்கள் கல்லூரியில் மியூசிக் கிளப் இருந்தால் அடுத்த கல்ச்சுரல்ஸுக்கு ஸ்பீக்கர் வாடகை கேட்கும் அதே லெட்டரில் இதையும் ஒரு வரி சேருங்கள். ஊர் நூலகத்தில், உள்ளாட்சிக் கூட்டத்தில் கேட்பதற்கும் இது ஒன்றும் விநோதமான கோரிக்கை இல்லை. விளையாட்டுக்கு மைதானம் கேட்கிறோம். பாட்டுக்கு ஒரு ரூம் கேட்கக் கூடாதா?

அதுவரை, அடுத்த முறை 'இந்த மைக் வாங்கினா உங்க சவுண்டு மாறிடும்' என்று யாராவது 15,000 ரூபாய்க்கு லிங்க் கொடுத்தால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். ஃபேனை ஆஃப் பண்ணிவிட்டு, கையைத் தட்டிப் பாருங்கள். 'டங்ங்' என்று ரூம் பதில் சொல்கிறதா? அந்தக் காசில் முதலில் தடிமனான போர்வை இரண்டு வாங்குங்கள். மிச்சத்தை பத்திரமா வைங்க மக்களே!