கூரை மேல ஏத்துறதுக்கு முன்னாடி

போன சனிக்கிழமை சென்னையிலேர்ந்து அக்கா மகன் வந்திருந்தான். புதுசா தார் எடுத்திருக்கான். மூணு கதவு, ஃபோர் வீல் டிரைவ். திருவானைக்கோவில்லேர்ந்து கல்லணை ரோட்டுல நேரா வந்தவன், எங்க தோப்புக்குத் திரும்புற மண்பாதையில வேணும்னே சேத்துல இறக்கி ஏத்தி, வண்டி முழுக்க சேறோட வாசல்ல நிறுத்தினான். அவங்க அத்தை காபி கொண்டு வர்றதுக்குள்ள போனை நீட்டிட்டான்.

"மாமா, இந்தக் கேரியர் போடலாம்னு இருக்கேன். எப்படி இருக்கு பாருங்க."

பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. கறுப்பு பெயின்ட் அடிச்ச இரும்பு, முன்னாடி நீளமா எல்.இ.டி. லைட், ஒரு பக்கம் ஜெர்ரி கேன், இன்னொரு பக்கம் மண்வெட்டி, பின்னாடி ஏணி. மண்வெட்டியைப் பார்த்ததும் எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, அடக்கிக்கிட்டேன்.

"மேல என்னடா ஏத்தப் போற?"

யோசிச்சான். "டென்ட்... அப்புறம் லக்கேஜ்."

"வருஷத்துல எத்தனை தடவை?"

பதில் இல்ல. அவனைக் கொல்லைப் பக்கம் கூட்டிட்டுப் போனேன். அங்க நாலு கல்தூண் மேல ஒரு இரும்புச் சட்டம் படுத்திருக்கும், அதுல அவரைக்கொடி படர்ந்திருக்கும். அது பந்தலுக்குன்னு செஞ்சது இல்ல. என் பொலிரோவுல இருந்த பழைய கேரியர்.

நமக்கு நிலம் ரெண்டு இடத்துல. வீட்டை ஒட்டி கொஞ்சம், கொள்ளிடக் கரைக்கு அந்தப் பக்கம் படுகையில கொஞ்சம். படுகைன்னா ஆத்துக்கும் கரைக்கும் நடுவுல வண்டல் சேர்ந்த நிலம். வாழைக்கு அதைவிட நல்ல மண் கிடையாது. ஆனா மழை பெய்ஞ்சா சாதாரண வண்டி இறங்கவே இறங்காது. அதுக்காகத்தான் செகண்ட் ஹேண்டுல ஒரு ஃபோர் வீல் பொலிரோவைத் தேடிப் பிடிச்சேன். 2018 ஆகஸ்டுல முக்கொம்பு மேலணையில மதகு உடைஞ்சு, பழைய கொள்ளிடம் பாலத்துல தூண் சாய்ஞ்ச அந்த வெள்ளம் ஞாபகம் இருக்கும். தண்ணி வடிஞ்சப்புறம் படுகைக்குள்ள முதல்ல போன வண்டி இதுதான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் இருந்துச்சு. பெருமை இருக்கிறப்பதான் புத்தி மழுங்கும்.

வாழை வெச்சவனுக்கு ஆடி மாசம்னா வயித்துல புளி கரைக்கும். தார் தள்ளின மரம் காத்துக்கு நிக்காது. ஏக்கருக்குத் தொள்ளாயிரம், ஆயிரம் மரம் இருக்கும். ஆடிக்காத்துக்கு முன்னாடி சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்து முடிச்சாகணும். கம்பு ஒவ்வொண்ணும் பதினஞ்சு அடி. வண்டிக்குள்ள நுழையாது. அதனாலதான் மேல கேரியர்.

ஒரு பட்டறையில போய், "நல்லா கனமா போடுங்க"ன்னு சொன்னேன். கனமாவே போட்டுட்டாங்க. தண்ணிக்குழாய்க்குப் போடுற ஒரு இஞ்ச் ஜி.ஐ. பைப். அது மீட்டருக்கு ரெண்டரை கிலோ கிட்ட வரும். இருபத்தஞ்சு மீட்டருக்கு மேல பைப் ஓடியிருக்கு. கூரைத் தகட்டுல எட்டு ஓட்டை போட்டு போல்ட்டு முடுக்கினாங்க. எனக்கு அது பாறை மாதிரி உறுதியாத் தெரிஞ்சுது. அன்னைக்கு எடை போடத் தோணல. பின்னாடி கழட்டினப்ப, வாழைத்தார் போடுற தராசுலயே வெச்சுப் பார்த்தேன். 68 கிலோ. அதாவது, ஒரு கம்பு ஏத்துறதுக்கு முன்னாடியே வளர்ந்த ஆள் ஒருத்தர் கூரை மேல நிரந்தரமா உட்கார்ந்திருக்கார்.

2019 ஆனிக் கடைசியில ஒரு நாள் இருபத்திரெண்டு கம்பு ஏத்தினோம். கம்பு ஒண்ணு பத்து கிலோ. கட்டுறதுக்குக் கயிறு பத்தல. நம்மகிட்ட வேலைக்கு வர்ற தம்பி ஒருத்தன், அப்ப அவனுக்கு இருபத்திரெண்டு வயசு, "நான் மேல உட்கார்ந்து அழுத்திப் பிடிச்சுக்கறேன்ணே"ன்னான். பக்கம்தானேன்னு நானும் சரின்னுட்டேன். கரையிலேர்ந்து படுகைக்கு இறங்குற பாதை குறுக்குச் சாய்வா இருக்கும். டிராக்டர் போய்ப் போய் ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருந்தது. இடது பக்கச் சக்கரம் அதுல இறங்குச்சு. காலியா இருந்தா குலுங்கிட்டுப் போயிருக்கும், நூறு தடவை போயிருக்கேன். அன்னைக்கு வண்டி சாய்ஞ்சுது. சாய்ஞ்சு, ஒரு நிமிஷம் மாதிரி அப்படியே நின்னுச்சு. ஒரு நொடிதான் இருக்கும்.

கவிழல. ஆனா மேல இருந்தவன் பயந்து குதிச்சுட்டான். கயிறு நழுவி கம்பும் கூடவே வந்துது. ரெண்டு கம்பு அவன் கால் மேல.

முழங்காலுக்குக் கீழ எலும்பு முறிஞ்சு மூணு மாசம் வேலைக்கு வரல. வைத்தியச் செலவும் அந்த மூணு மாசக் கூலியும் கொடுத்தேன். அது கணக்கு. அவன் இன்னைக்கு வரைக்கும் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல, அவங்க அம்மாவும் சொன்னதில்ல. சொல்லியிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும். கூரை மேல ஆளை ஏத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டத்துல 123-ஆவது பிரிவே இருக்கு. சட்டம் தெரியாமலா ஏத்தினேன்? "பக்கம்தானே"ன்னுதான் ஏத்தினேன்.

இதையெல்லாம் ஏன் சொல்றேன்னா, நகரத்துல இருக்கிற பிள்ளைங்க ஃபோர் வீல் டிரைவ்னா எதுவும் பண்ணாதுன்னு நினைக்கிறாங்க. நாலு சக்கரமும் இழுக்கும், அவ்வளவுதான். சேத்துலேர்ந்து வெளிய கொண்டு வரும். சாயுறதை அது தடுக்காது. இந்த மாதிரி வண்டி ஏற்கெனவே உயரமாத்தான் நிக்குது. பொலிரோ கிட்டத்தட்ட 1.88 மீட்டர். அதுக்கும் மேல, சேறு மேடு பள்ளம்னு போறதுக்குன்னு வாங்கின வண்டியில, எடையைக் கொண்டுபோய் உச்சந்தலையில வைக்கிறோம். தலையில தண்ணிக்குடம் வெச்சுக்கிட்டு வரப்புல நடந்து பாருங்க, புரியும்.

என் கட்சி என்னன்னா, கேரியர் வாங்குறதுக்கு முன்னாடி வண்டியோட மேனுவலை எடுங்க. கூரை எவ்வளவு எடை தாங்கும்னு போட்டிருப்பாங்க. பெரும்பாலான கார்களுக்கு அது 50 கிலோவுக்கும் 100 கிலோவுக்கும் நடுவுலதான். வண்டி ஓடும்போது தாங்குற கணக்கு அது. நின்ன இடத்துல இன்னும் நிறைய தாங்கும், அதனாலதான் கூரை மேல டென்ட் போட்டு ரெண்டு பேர் படுக்க முடியுது. ஓடுற கணக்குல கேரியரோட சொந்த எடையும் சேர்த்தி. இதைத்தான் விக்கிறவங்க சொல்ல மாட்டாங்க. 75 கிலோ தாங்குற கூரையில என் பழைய 68 கிலோ கேரியரைப் போட்டா மிச்சம் ஏழு கிலோ. ஒரு நல்ல பூவன் தாரைக்கூட ஏத்த முடியாது. வெளிநாட்டுல கேரியர் செய்யுற கம்பெனிகள் சிலது, மண் ரோட்டுல போனா அந்த அளவை இன்னும் மூணுல ஒரு பங்கு குறைச்சுக்கன்னு சொல்றாங்க. குலுக்கல்ல ஒவ்வொரு கிலோவும் ஒண்ணரை கிலோவா அடிக்கும்.

மருமகன் படத்துல பார்த்த ஜெர்ரி கேனுக்கு வருவோம். இருபது லிட்டர் டீசல் பதினேழு கிலோ கிட்ட, கேன் எடை தனி. அதைக் கூரையோட ஓரத்துல தொங்க விடுறதுக்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியல. திருச்சியிலேர்ந்து கொல்லிமலை போயிட்டு வர டேங்க்ல இருக்கிற டீசல் போதும்.

அவன் வண்டிக்கு இன்னொரு சிக்கல். அந்த மூணு கதவுத் தாரோட ஹார்ட் டாப் இரும்புத் தகடு இல்ல, ஃபைபர். அது மேல நேரா எதையும் உட்கார வைக்கக்கூடாது. கால் கீழ, இரும்பு பாடியில ஊனணும். துணிக் கூரை வண்டின்னா கேட்கவே வேண்டாம். கடையில "எல்லாத்துக்கும் பொருந்தும் சார்"னு சொன்னா, எழுந்து வந்துடுங்க.

பழைய அம்பாசிடர்ல கேரியர் எப்படி நின்னுச்சுன்னு ஞாபகம் இருக்கா? கூரையோரம் மழைத்தண்ணி வழிய ஒரு மடிப்பு இருக்கும். கேரியரோட கால் அந்த மடிப்பைக் கவ்விப் பிடிச்சிருக்கும். ஒரு ஓட்டை கிடையாது. பொண்ணு வீட்டுச் சீர், மெத்தை, குத்துவிளக்கு எல்லாம் அந்தக் கவ்வல்ல போயிருக்கு. என் பொலிரோவுலயும் அந்த மடிப்பு இருக்கு. அதை விட்டுட்டுத்தான் நான் தகட்டை ஓட்டை போட்டேன். முதல் ஐப்பசி மழைக்கே உள்கூரைத் துணி நனைஞ்சு, ரெண்டாவது வருஷம் ஓட்டையைச் சுத்தி துரு.

காலு உடைஞ்ச அந்தச் சம்பவத்துக்கப்புறம் ஒரு வருஷம் கேரியரே இல்லாம ஓட்டினேன். ஆனா இலைக்கட்டு, காலிப் பிளாஸ்டிக் கிரேட், திசு வாழைக் கன்னுத் தட்டு, இதெல்லாம் எடை கம்மி, இடம்தான் அடைக்கும். அதுக்கு மேல ஏதாவது வேணும். துவாக்குடிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறைக்குப் போனேன். 1960-கள்ல பெல் கம்பெனி வந்ததுலேர்ந்து அந்தப் பக்கம் வெல்டிங் தெரிஞ்ச கைகளுக்குப் பஞ்சமில்ல. அங்க இருந்த பெரியவர் நான் சொன்னதை முழுசாக் கேட்டுட்டு, "உங்களுக்குக் கேரியர் வேணாம் சார், மூணு குறுக்குச் சட்டம் போதும்"னார்.

அலுமினியச் சட்டம். அலுமினியம் இரும்புல மூணுல ஒரு பங்கு எடை. அதுக்கு ஆர்கான் வெல்டிங் வேணும், எல்லாப் பட்டறையிலயும் ஒழுங்கா வராது. கால் மூணு ஜோடி, ஒவ்வொண்ணும் கதவுத் தூணுக்கு நேர் மேல அந்த மடிப்பைக் கவ்வுற மாதிரி. தூணுக்கு மேல வந்தா எடை நேரா கீழ இறங்கும், நடுவுல வந்தா கூரை விளிம்பு நெளியும். கவ்வுற இடத்துல ரப்பர். இது பெயின்ட் போகாம இருக்க மட்டும் இல்ல, அலுமினியமும் இரும்பும் மழையில ஒண்ணோட ஒண்ணு உரசி இருந்தா அரிச்சுடும். நட்டு, உள்ள நைலான் வளையம் வெச்சது, குலுக்கல்ல தளராது. அப்படியும் முதல் நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி முடுக்கச் சொன்னார். முடுக்கினப்ப ரெண்டு நட்டு கால் சுத்து ஏறுச்சு. மொத்த எடை பதினாலு கிலோ. மார்கழி முடிஞ்சா கழட்டி வெச்சுடுவேன், அரை மணி நேர வேலை. காத்து விசில் அடிக்காது, டீசலும் கொஞ்சம் மிஞ்சும்.

கட்டுறதுக்கு நைலான் கயிறு வேண்டாம், இழுபடும். ராட்செட் பெல்ட் நாலு வாங்கிட்டேன். நீளமான சாமானா இருந்தா நடுவுல மட்டும் கட்டிப் பிரயோஜனம் இல்ல. மூக்கையும் வாலையும் பம்பருக்குக் கீழ இழுத்துக் கட்டணும். பிரேக் அடிக்கிறப்பதான் தெரியும்.

சட்டப்படி என்னன்னும் தெரிஞ்சுக்கங்க. ஆர்.சி. புத்தகத்துல இருக்கிற விவரம் மாறுற மாதிரி வண்டியை மாத்தக்கூடாதுன்னு 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொல்லிடுச்சு. ஏத்தின சாமான் பக்கவாட்டுலயோ முன்ன பின்னயோ அளவு மீறி நீட்டிக்கிட்டு இருந்தா, 2019 திருத்தத்துக்கப்புறம் இருபதாயிரம் ரூபாய் அபராதம். பதினஞ்சு அடிக் கம்பை நான் ஏத்தினதை நினைச்சா இப்ப முதுகு சில்லுங்குது. ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயும் இன்சூரன்ஸ்காரங்ககிட்டயும் முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க. நான் கேட்டுட்டுத்தான் போட்டேன், கொஞ்சம் லேட்டா.

கம்பு இப்ப குட்டியானையில வருது. வாடகை கொடுக்கிறப்ப கொஞ்சம் வலிக்கும். கொடுத்துட்டு வந்துடுவேன்.

மார்கழியில ஸ்ரீரங்கம் பஞ்சக்கரை ரோட்டுப் பக்கம் போனா, சபரிமலை போற ஆந்திரா, கர்நாடகா வண்டிங்க வரிசையா நிக்கும். ஒவ்வொண்ணு மேலயும் அண்டா, அரிசி மூட்டை, அடுப்பு. கட்டு பிரமாதமா இருக்கும்: தட்டையா அடுக்கி, தார்ப்பாய் போட்டு, கைவிரல் நுழையாத இறுக்கம். ஆனா அரிசி மூட்டை ஏன் மேல, மெத்தை ஏன் உள்ளன்னு ஒவ்வொரு தடவையும் கேட்கத் தோணும். மாத்திப் போட்டா அதே சாமானோட வண்டி வேற மாதிரி ஓடும். ஒரு தடவை ஒரு டிரைவர்கிட்ட கேட்டேவிட்டேன். "சாமி, உள்ள மனுஷன் உட்காரணுமே"ன்னார். அதுவும் நியாயம்தான்.

மருமகன் அவரைப் பந்தலைத் தட்டிப் பார்த்தான். ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தான், அசையல. "இதையா மேல வெச்சு ஓட்டினீங்க?"ன்னான். காலு முறிஞ்ச தம்பி அந்நேரம் வாய்க்கால்ல மடை மாத்திட்டு வந்தான். சாயங்காலம் மழை பிடிக்கும்ணே, கால் சொல்லுதுன்னான்.

ஞாயித்துக்கிழமை கிளம்பறப்ப ரெண்டு பூவன் தார் கொடுத்தோம். பின் சீட்டை மடிச்சு உள்ளயே படுக்க வெச்சு, அதுக்கு மேல சாக்கு போட்டுக்கிட்டான். நேத்து போன் பண்ணினான், வண்டிக்குள்ள இன்னும் வாழைப்பழ வாசனையாம். கேரியரைப் பத்தி அவன் பேசல, நானும் கேட்கல. ஆனா மேனுவல்ல கூரை எடை எந்தப் பக்கத்துல போட்டிருக்கும்னு மட்டும் கேட்டான்.