மனநலச் சிகிச்சை பதிவு மேசையிலேயே தொடங்குகிறது

மனநல மருத்துவம் மருத்துவரின் அறையில்தான் தொடங்குகிறது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது பதிவு மேசையிலேயே தொடங்கிவிடுகிறது. பெயர், வயது, ஊர் என்று வரிசையாகக் கேட்கப்படும் அந்தச் சில நிமிடங்களிலேயே, இங்கு நம்மை மதிப்பார்களா, மறுபடியும் வரலாமா என்பதைக் குடும்பத்தார் தங்களுக்குள் முடிவு செய்துவிடுகின்றனர். பழங்குடிக் குடும்பங்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அவர்கள் அச்சமும் கூச்சமும் இன்றி மனநல உதவி பெற வேண்டுமாயின், முதற்பதிவை மருத்துவமனைகள் தனிக் கவனத்துடன் ஒருங்கிணைக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

பழங்குடியினர் என்றவுடன் கரிசல் காட்டில் வாழும் நமக்கு நீலகிரிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் நமக்கு மேற்கே மலைத்தொடரின் அடிவாரத்தில் பளியர் வாழ்கின்றனர். தெற்கே பாபநாசம் மலைப்பகுதியில் காணிக்காரர் வாழ்கின்றனர். தென்மாவட்ட ஊர்களின் ஓரங்களில் நரிக்குறவர், காட்டுநாயக்கர் குடும்பங்கள் உள்ளன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் ஏறத்தாழ 7.95 லட்சம் பேர். அதாவது நூற்றுக்கு ஒருவர். நரிக்குறவரையும் குருவிக்காரரையும் அப்பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. எண்ணிக்கையில் சிறியவர்களாதலால், மருத்துவமனைக்குள் தம்மவர் ஒருவரைக் காண்பது அவர்களுக்கு மிக அரிது.

பதிவு மேசையில் எங்கே பிழை நேர்கிறது? முதலாவது, மொழி. இடைசெவலின் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரப் பேச்சுக்கென்றே ஒரு சொல்லகராதி தொகுத்தார். தமிழுக்குள்ளேயே ஒரு வட்டாரத்திற்குத் தனி அகராதி தேவைப்படுகிறது என்றால், நோயைச் சொல்லும் சொற்களும் ஊருக்கு ஊர் வேறுபடும் என்பது வெளிப்படை. 'மனச்சோர்வு' என்று எவரும் வந்து சொல்வதில்லை. நெஞ்சு கனக்கிறது, உடம்பெல்லாம் உளைகிறது, ஒன்றும் ஓடவில்லை என்றுதான் சொல்கின்றனர். நரிக்குறவர் வீடுகளில் பேசப்படுவதோ வாக்ரிபோலி. தாய்க்காகப் பத்து வயதுப் பிள்ளை மொழிபெயர்க்கும் நிலையில், சாக வேண்டும் போலிருக்கிறது என்பதை அந்தத் தாய் எப்படிச் சொல்வார்? சொல்லப்படாத அந்த ஒரு வாக்கியத்தில் ஓர் உயிர் அடங்கியிருக்கக்கூடும்.

இரண்டாவது, கேள்விகளின் வரிசை. வரிசையில் நிற்போர் அனைவரும் கேட்கும்படி சாதியும் சான்றிதழும் விசாரிக்கப்பட்டால் அந்தக் குடும்பம் அப்போதே ஒடுங்கிப்போகும். மூன்றாவது, ஒரே துயரத்தைப் பதிவு எழுத்தர், செவிலியர், ஆலோசகர், மருத்துவர் என்று நால்வரிடம் மீண்டும் மீண்டும் சொல்ல நேர்வது. மனநோய்க்கான மருந்துகள் பலவும் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். முதல் நாளில் கூசித் திரும்பியவர் இரண்டாம் முறை வருவதில்லை. பின்னர் நோய் முற்றிய நிலையிலேயே அவரைக் காண்கிறோம்.

நியூசிலாந்தின் மாவோரி இனச் செவிலியர் இரிஹபெட்டி ராம்ஸ்டன் 1980களின் இறுதியில் 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்னும் கருத்தை முன்வைத்தார். சிகிச்சை பாதுகாப்பாக இருந்ததா என்பதை அதை வழங்கியவர் அல்லர், பெற்றவரே தீர்மானிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். நாங்கள் அன்பாகத்தான் நடந்துகொண்டோம் என்று மருத்துவமனை சொல்வது போதாது. குடும்பம் அவ்வாறு உணர்ந்ததா என்று கேட்டறிய வேண்டும்.

இது நம் மாநிலத்தில் இயலாத ஒன்றன்று. நீலகிரி மாவட்டம் கூடலூரில் 'அஸ்வினி' அமைப்பு 1990 முதல் ஆதிவாசி மருத்துவமனையை நடத்தி வருகிறது. பணியர், பெட்டக் குறும்பர், முள்ளுக் குறும்பர், காட்டுநாயக்கர் முதலிய சமூகங்களின் இளையோரே அங்கு செவிலியராகவும் நலப்பணியாளராகவும் பயிற்சி பெற்றனர். நோயாளியை எதிர்கொள்பவர் அவருடைய மொழியும் வாழ்வும் அறிந்தவராக இருப்பதே அதன் பலம்.

அவ்வளவு பெரிய அமைப்பு இல்லாத இடங்களிலும் சிலவற்றைச் செய்ய முடியும். வரும் குடும்பத்திற்கு முதல் நாள் முதல் ஒரே பணியாளர் பொறுப்பேற்க வேண்டும். அவர் தனியிடத்தில் அமர்ந்து, சொல்வதை அவர்களுடைய சொற்களிலேயே ஒருமுறை எழுதி, மற்றவர்களிடம் சேர்ப்பிக்க வேண்டும். மொழிபெயர்ப்புக்குப் பிள்ளைகளை அல்லாமல், குடும்பம் நம்பும் வளர்ந்தவர் ஒருவரை அழைக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து உண்டா என்பதை முதலில் விசாரித்து, ஆவணங்களை இறுதியில் கேட்க வேண்டும். அடுத்த வருகைக்குச் சந்தை நாளும் கூலி நாளும் பார்த்துத் தேதி குறிக்க வேண்டும்.

'அனைவரும் சமம் எனில் இவர்களுக்கு மட்டும் தனிமுறை ஏன்?' என்று கேட்கலாம். காது கேளாதவரிடம் சைகையில் பேசுவதைச் சலுகை என்று நாம் சொல்வதில்லை. எல்லாரும் ஒரே சிகிச்சையை அடைய வழிகள் வேறுபடலாம்.

சடங்குகளுக்கு இடம் கொடுத்தால் மூடநம்பிக்கை வளராதா என்பது மற்றொரு வினா. காணிக்காரர் மரபில் நோயுற்றவருக்காகப் பிலாத்தி கொக்கரை இசைத்துச் சாற்றுப்பாட்டுப் பாடுவது வழக்கம். அதை ஏளனம் செய்தால் குடும்பம் அதை நம்மிடம் மறைக்கும். மாத்திரையை நிறுத்தியதையும் சேர்த்தே மறைக்கும். பாட்டும் நடக்கட்டும், மருந்தும் தொடரட்டும் என்பதே எங்கள் நிலை. ஆனால் கட்டிவைத்தல், அடித்தல், பட்டினி போடுதல், மருந்தை நிறுத்துதல் ஆகியவற்றை ஏற்க இயலாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்ட நிலையில் தீயில் சிக்கி 28 பேர் மாண்டதை நாடு மறக்கலாகாது.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. மதம், பண்பாடு, சாதி, வர்க்கம் முதலிய எந்த வேறுபாடும் காட்டாமல் சிகிச்சை பெறும் உரிமையை அளிக்கிறது. வறுமைக் கோட்டிற்குக் கீழ் உள்ளோர் அதற்கான அட்டை இல்லாவிட்டாலும், அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநல நிலையங்களில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம் என்றும் அது கூறுகிறது.

ஆகவே, இதனைப் படிக்கும் குடும்பத்தாருக்கு எங்கள் வேண்டுகோள்: பதிவின்போது தனியிடம் கேளுங்கள். உங்கள் மொழி அறிந்தவரை உடன் அழைத்து வாருங்கள். சான்றிதழ் இல்லை என்று வீட்டிலேயே தங்கிவிடாதீர்கள். ஒரு கேள்வி உங்களைக் காயப்படுத்தினால் அதை அங்கேயே சொல்லுங்கள்; அது குற்றமாகாது, பதிவு முறையைத் திருத்த உதவும். இரவில் மனம் தாங்காத நிலை ஏற்பட்டால் 14416 என்னும் 'டெலி மானஸ்' எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம். அருகில் ஒரு பழங்குடிக் குடும்பம் தயங்கி நின்றால், இந்தச் செய்தியை அவர்களுக்கும் சொல்லுங்கள்.