கிளையா, நகலா?

குளோன் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் எழுவன ஆய்வுக்கூடமும் சற்றே அச்சமும்தாம். ஆயினும் அச்சொல் பிறந்த இடம் தோட்டம். இளங்கிளை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதனை ஆக்கியவர், அமெரிக்க வேளாண் துறையில் பணியாற்றிய ஹெர்பர்ட் வெப்பர். விதையின்றிக் கொம்பாலும் கிழங்காலும் பெருகும் பயிர்களுக்குப் பொதுப்பெயர் வேண்டி, 1903இல் அவர் அதனை முன்மொழிந்தார். 1963இல் உயிரியல் அறிஞர் ஹால்டேன் அச்சொல்லை மனிதருக்கும் பொருத்திப் பேசினார். 1996இல் ஸ்காட்லாந்தில் டாலி என்னும் ஆட்டுக்குட்டி பிறந்து, மறு ஆண்டு அச்செய்தி உலகெங்கும் பரவியபின், சொல்லிலிருந்த தோட்டத்து மணம் மறைந்தே போயிற்று.

தமிழில் நகலாக்கம், படியாக்கம் என்கிறோம். இவ்வாக்கங்கள் எனக்கு உடன்பாடானவை அல்ல. ‘நகல்’ அரபு மொழியிலிருந்து வந்தது என்பதற்காக அன்று. ‘படி’ நல்ல தமிழ்ச்சொல்தானே! இரண்டும் உயிரைத் தாளாக எண்ணவைக்கின்றன என்பதே என் குறை. மூலத்தில் உள்ள எழுத்து நகலில் மாறுவதில்லை. உயிரோ அவ்வாறன்று. 2001இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் குளோனிங் முறையில் ஒரு பூனை பிறந்தது. மூவண்ணம் கொண்ட மூலப்பூனையின் மரபணுக்களையே அது பெற்றிருந்தது. எனினும், ஆரஞ்சு நிறம் அதன் மேனியில் தோன்றவே இல்லை; அந்நிறத்திற்குரிய மரபணு இருந்தும் செயற்படாது அடங்கிவிட்டது. இறந்துபோன வளர்ப்புப் பூனையையும் நாயையும் இம்முறையால் மீட்டுவிடலாம் என்று பெரும்பொருள் செலவிடுவோர் இன்று உள்ளனர். நாளை, இழந்த பிள்ளையையே மீட்கலாம் என ஒரு தாய் நம்பினால், அந்நம்பிக்கையை ஊட்டுவது அறிவியலன்று; நகல் என்னும் சொல்லே.

நம் உழவரிடம் வேறு சொற்கள் உள்ளன: கரும்புக் கரணை, மல்லிகைப் பதியம், முருங்கைப் போத்து. போத்து நட்டவர், வெட்டுண்ட பழைய மரமே திரும்ப வந்தது என்று சொல்வதில்லை. காயின் சுவை தாய்மரத்தை ஒத்திருக்கும் என எதிர்பார்ப்பார். வளர்த்தியோ மண்ணையும் நீரையும் பொறுத்தது என்பதும் அவர் அறிந்ததே. ஆதலின், ‘போத்தாக்கம்’ என்பதே பொருந்தும் என்பேன். தொல்காப்பிய மரபியலில் போத்து ஆண்விலங்கின் பெயராகவும் வருகிறதே எனச் சிலர் தடை எழுப்பலாம். ஒரு சொல் பலபொருள் தருவது தமிழுக்குப் புதிதன்று. இடம் நோக்கிப் பொருள் கொள்வோம். உழவுச்சொல் ஆய்வுக்கூடத்திற்கு ஏற்குமா என்பாரும் உளர். வெப்பர் படைத்ததும் உழவுச்சொல்தான்.