மூக்கும் சரித்திரமும்

காட்சிச்சாலையில் மூக்குக்கு வேலையில்லை என்றே நாம் வெகுகாலம் எண்ணியிருந்தோம். இங்கிலாந்திலுள்ள யார்க் நகரத்தார் 1984-ல் அவ்வெண்ணத்தை மாற்றிவிட்டனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வைக்கிங்குகள் என்னும் கடலோடிகள் அங்கே குடியிருந்த தெருவொன்றை 1976 முதல் 1981 வரையில் அகழ்ந்து கண்ட ஆராய்ச்சியாளர், அதே இடத்தில் அத்தெருவைப் புதிதாக அமைத்து, 'யோர்விக்' என்று பெயரிட்டுத் திறந்தார்கள். வண்டியிலேறிச் சுற்றி வருவோருக்குக் கருகிய விறகு, மீன்கடை, தார் பூசிய கயிறு, குப்பைமேடு இவற்றின் வாசனையெல்லாம் கிடைத்தன. கக்கூஸையுங்கூட விடவில்லை! யாவும் ரஸாயனச் சரக்குதான். ஆயினும் நாற்றம் நாற்றந்தானே? இதில் விளையாட்டுமட்டும் இல்லை. பல வருஷங்களுக்கு முன் அங்கே சென்று வந்தவர்களை அதே வாசனைகளை முகரச் செய்து வினவியபோது, கண்டவற்றை அவர்கள் அதிகமாக நினைவுகூர்ந்தனர் என்று 1999-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது.

யோர்விக் தெரு புதிதாகக் கட்டியது. மெய்யான பழம்பொருள் இருக்கும் அறையில் வாசனை விடுவதோ வேறு சங்கதி. வெள்ளிக் கிண்ணம் தானே கறுத்துப் போவதை நம் வீட்டுப் பெண்மணிகள் அறிவார்கள். காற்றிலுள்ள கந்தகக் கூட்டுப்பொருள்கள் செய்யும் வேலை அது. அழுகல் நாற்றத்தை உண்டாக்கும் சரக்குகளிற் பலவற்றில் அக்கந்தகமே இருக்கிறது. காடியின் புளிப்பு ஆவி ஈயத்தை அரிக்கும். எண்ணெய்ப் பசையுள்ள திவலைகளைத் தெளித்தாலோ, அவை சித்திரத்தின்மேற் படிந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

மனிதர் விஷயமும் உண்டு. சில வாசனைகள் ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுத் திணறலையும், வேறு சிலருக்கு ஒற்றைத் தலைவலியையும் கிளப்பிவிடும். பார்க்க வந்த நாம் அரைமணியில் வெளியேறிவிடுகிறோம். பொழுதெல்லாம் அங்கேயே நிற்கும் காவற்காரர் எங்கே போவார்? அவரைக் கேட்டுக்கொண்டு வாசனை விடுவோர் எத்தனை பேரோ!

ஹாலந்து தேசத்தில் ஹேக் நகரத்து மவுரிட்ஷுயிஸ் சித்திரசாலையார் 2021-ல் கையாண்ட முறை நமக்குப் பிடித்திருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டுச் சித்திரங்களுக்குரிய வாசனைகளை அவர்கள் அறை முழுவதும் பரப்பவில்லை. ஒரு கருவிக்குள் அடைத்து வைத்தார்கள். வேண்டியவர் காலால் ஒரு மிதியை அழுத்தினால், அவர் மூக்குக்கு மட்டும் ஒரு வீச்சு வரும். சலவைத் துணியின் மணமும் இருந்தது. சாக்கடையாய்க் கிடந்த பழைய கால்வாயின் நாற்றமும் இருந்தது. பிந்தியதை விரும்பாதவர், மிதியைத் தொடாமல் அடுத்த படத்துக்குப் போய்விடலாம்.

இதனுடன், இன்ன அறையில் இன்ன வாசனை என்று நுழைவாயிலிலேயே எழுதி வைப்பதும், கெட்ட காற்றை வெளியேற்ற விசிறி அமைப்பதும் அவசியம். பலகை ஒன்றுக்குப் பெரிய செலவு என்ன ஆகிவிடும்?