சுஹராவின் படிப்பு

இளையோர்க்குரிய புதினம் என்றதும் அறிவுரைக் கதைகளையே நாம் எடுத்து நீட்டுகிறோம். வளரும் பிள்ளை தன்னைத் தானே கண்டறியும் வேதனையைக் கூறும் நூல்களோ அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விடுகின்றன. வைக்கம் முகம்மது பஷீர் 1944இல் மலையாளத்தில் படைத்த ‘பால்யகால சகி’ அத்தகைய நூல். தமிழிலும் அது வந்துள்ளது.

காதற்கதை எனப் பெரியோர் சிலர் அதனை ஒதுக்குவர். நாமோ அதனைப் பள்ளிக்கூடக் கதையாகவே படிக்கிறோம். ஒன்றும் ஒன்றும் எத்தனை என்ற வினாவுக்கு, இரண்டு ஆறுகள் கூடிப் பேராறாவதை எண்ணி, சற்றே பெரிய ஒன்று என விடை கூறித் தண்டனை பெறுகிறான் மஜீத். (ஆசிரியர்களாகிய நம்மால் அவ்விடத்தைக் கூச்சமின்றிக் கடக்க இயலவில்லை.) சுஹராவோ கணக்கில் கெட்டிக்காரி. ஆயினும் அவளுடைய தந்தை இறந்ததும் படிப்பு நின்றுபோகிறது. அவளைப் படிக்க வைக்குமாறு மஜீத் தன் தந்தையிடம் கேட்கிறான்; செல்வரான அவர் மறுக்கிறார். கணக்கு வராத பையன் நகரத்து உயர்நிலைப் பள்ளிக்குச் செல்கிறான். கணக்கு வந்த பெண் வீட்டில் இருக்கிறாள்.

பின்னர் தந்தையோடு பிணங்கி வெளியேறும் மஜீத் ஊர் ஊராய் அலைந்து உலகைக் காண்கிறான், தன்னையும் காண்கிறான். சுஹராவுக்கு அவ்வழி ஏது? அவளுக்கு வாய்த்தவை கொடிய கணவனும் அடியும் நோயுமே.

இந்நூல் நம் மாணவியர் கைக்கு எட்டும் வரிசையில் இருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து. தடுக்க விரும்பும் பெரியோர், மஜீத் தன் தந்தைமுன் நின்று சுஹராவுக்காகப் பேசும் பகுதியை முதலில் படித்துப் பார்க்கட்டும்.